மழைப் பந்தய டயர்

மழைப் பந்தய டயர் அல்லது மழை டயர் என்பது ஈரமான ஓடுதளத்தில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் (விசையுந்து) பந்தயங்களில் பயன்படுத்தப்படும் டயர் வகை ஆகும். ஆழமான வரிப்பள்ளங்களும், தாழ்ந்த வெப்பநிலையிலேயே இளகிப் பிடிக்கும் மென்மையான ரப்பர் கலவையும் இதன் இரு முதன்மை இயல்புகள். உலர்தளத்துக்குரிய வரியில்லா டயரை (சிலிக்) மழையில் ஓட்டினால் வண்டி வழுக்கும். மழை டயரை உலர்ந்த தளத்தில் ஓட்டினால் சில சுற்றுகளிலேயே ரப்பர் சூடேறிப் பிய்யத் தொடங்கும். ஆகவே எந்த டயரைப் பூட்டுவது என்னும் முடிவு பந்தயத்தின் வெற்றி தோல்வியை மட்டுமன்றி ஓட்டுநரின் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் வேகப் பந்தயங்கள் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும் உள்ள நிலையான ஓடுதளங்களில் நடைபெறுகின்றன. டயரின் மூலப்பொருளான இயற்கை ரப்பரோ மாநிலத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறது.

சொல் விளக்கம்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் டயரின் மேற்பரப்பிலுள்ள கட்டங்களைப் "பட்டன்" என்பர். பட்டன் தேய்ந்த டயர் "மொட்டை டயர்" எனப்படும். பந்தயத்தில் பயன்படும் வரியில்லா டயர் தோற்றத்தில் மொட்டை டயரைப் போன்றதே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. வரியில்லா டயரின் மேற்பரப்பு முழுவதும் தளத்தைத் தொடுவதற்காகவே அவ்வாறு செய்யப்படுகிறது. அதன் ரப்பரும் புதியது, மென்மையானது. மொட்டை டயரில் எஞ்சியிருப்பது பழையதும் இறுகியதுமான ரப்பர். உலர்ந்த தளத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. மழையில் இரண்டுமே ஆபத்தானவை.

"குளிர்" என்பதன் பொருள்

பந்தய டயரைப் பற்றிப் பேசும்போது குளிர் என்பது மனிதர் உணரும் குளிர் அன்று. உலர்தளப் பந்தய டயர் ஏறத்தாழ 80 முதல் 100 பாகை செல்சியசு வெப்பநிலையில் சிறப்பாகப் பிடிக்கும் வகையில் உருவாக்கப்படுகிறது. அந்த வெப்பத்தை அது தன் உடல் நெளிந்து மீள்வதிலிருந்தும் தளத்துடன் உராய்வதிலிருந்தும் பெறுகிறது. மழைநீர் இவ்வெப்பத்தைத் தொடர்ந்து கவர்ந்து செல்லும். மேலும் ஈரத்தில் ஓட்டுநர் மெதுவாகச் சாய்ந்து மெதுவாகத் தடை பிடிப்பதால் வெப்பம் உண்டாவதும் குறைகிறது.

இதனால், வெளியே 27 பாகை வெப்பத்தில் பெய்யும் சென்னை மழையும் வரியில்லா டயருக்குக் கடுங்குளிரே. ஐரோப்பியப் பந்தயங்களில் மழையுடன் 10 பாகைக் குளிரும் சேர்ந்து வரும்போது நிலைமை மேலும் கடினமாகும். ஆனால் குளிர்ந்த டயரின் சிக்கல் குளிர்நாடுகளுக்கு மட்டுமே உரியது என எண்ணுவது தவறு.

மழையே இல்லாமல் தளம் மட்டும் குளிர்ந்திருக்கும் நிலையும் உண்டு. அப்போது ரப்பர் தளத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளையாமல் மேலோட்டமாக இழுபட்டு மணிமணியாகக் கிழியும். இது குளிர்க் கிழிசல் எனப்படுகிறது. இதற்கு மழை டயர் தீர்வாகாது. மென்கலவை கொண்ட உலர்தள டயரே பொருத்தமானது. டயரின் ஒரு பக்கம் மட்டும் குளிர்வதும் நிகழும். செருமனியின் சாக்சன்ரிங் ஓடுதளத்தில் 13 வளைவுகளுள் 10 இடப்புறமும் 3 வலப்புறமும் அமைந்துள்ளன. தொடர்ந்து இடப்புறமே சாய்ந்து வரும் வண்டி, இறக்கத்திலுள்ள 11ஆம் வளைவில் வலப்புறம் சாயும்போது டயரின் வலப்பக்கம் குளிர்ந்து கிடக்கும். பல முன்னணி வீரர்கள் அங்கு விழுந்துள்ளனர். இத்தகைய தளங்களுக்கு இரு பக்கமும் வெவ்வேறு கலவை கொண்ட டயர்கள் செய்யப்படுகின்றன.

ஈரத்தில் பிடிமானம்

ரப்பர் தளத்தைப் பிடிப்பது இரு வழிகளில். ஒன்று ஒட்டுதல், ரப்பரின் மூலக்கூறுகள் தளத்தின் மேற்பரப்புடன் நெருங்கி ஒட்டி விலகுவது. மற்றது அழுந்துதல், தளத்திலுள்ள கற்பரல்களின் மீது ரப்பர் அழுந்தி, அவற்றின் வடிவை ஏற்று, பின்னர் மெல்ல மீள்வது. இடையில் நீர்ப்படலம் வந்தால் ஒட்டுதல் பெரிதும் குறைந்துவிடும். அழுந்துதல் மட்டும் ஓரளவு நிலைத்திருக்கும். எனவே ஈரத்தில் அழுந்துதலை நம்பியே வண்டி நிற்கிறது.

பிடிமானம் குறைவதன் விளைவை எளிய கணக்கால் காணலாம். உராய்வுக் கெழு உலர்ந்த தளத்தில் 1.2 என்றும் ஈரத்தில் 0.8 என்றும் கொள்வோம். டயரின் அகலத்தைக் கருதாவிட்டால், வளைவில் வண்டி சாயக்கூடிய மிகுதியான கோணம் 50 பாகையிலிருந்து ஏறத்தாழ 39 பாகையாகக் குறையும். வளைவில் செல்லக்கூடிய வேகம் கெழுவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அது 18 விழுக்காடு குறையும். தடை பிடித்து நிற்கும் தொலைவோ ஒன்றரை மடங்காகும். வேகம் குறைந்தது போதும் என்று எண்ணும் ஓட்டுநர் தடைத் தொலைவில்தான் ஏமாறுகிறார்.

மழையில் ஓட்டும் பாதையும் மாறும். உலர்ந்த நாட்களில் எல்லோரும் ஓட்டும் பாதையில் ரப்பர் படிந்து மெருகேறியிருக்கும். மழை பெய்ததும் அதுவே மிக வழுக்கும் பகுதியாகும். ஆகவே அனுபவமுள்ள வீரர்கள் அப்பாதையை விட்டு விலகி, சொரசொரப்பான தளத்தைத் தேடி ஓட்டுவர். வண்ணம் பூசிய ஓரக்கற்களையும் வெள்ளைக் கோடுகளையும் ஈரத்தில் தொடவே கூடாது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை, தளத்தில் படிந்த எண்ணெயையும் தூசியையும் மேலே கொணர்வதால் பின்னர் வரும் பெருமழையைவிடத் தீங்கானது.

வரிப்பள்ளங்கள்

டயரின் தொடுபரப்பு 10 செ.மீ. அகலமும் தளத்தின் நீர்ப்படலம் 2 மி.மீ. தடிமனும் கொண்டிருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 144 கி.மீ. (நொடிக்கு 40 மீட்டர்) வேகத்தில் அந்த டயர் ஒவ்வொரு நொடியும் 8 லிட்டர் நீரைத் தன் வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். ஒரு சிறு குடம் நீர் இரண்டு நொடிக்குள் வெளியேறுவதற்குச் சமம் இது. வரிப்பள்ளங்கள் இந்நீருக்கு வடிகால்களாக அமைகின்றன. நடுப்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாகச் செல்லும் பள்ளங்கள் நீரைப் பக்கவாட்டில் தள்ளும். பள்ளங்களுக்கு இடையிலுள்ள கட்டங்கள் நெளியும்போது வெப்பமும் உண்டாகும். மழை டயர் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்வது இவ்வாறே.

நீர் வெளியேற நேரம் போதாவிடில் டயர் தளத்தைத் தொடாமல் நீரின் மீதே மிதக்கும். இது நீர்மிதப்பு எனப்படும். 1960களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து, நீர்மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் கண்டது. அவ்விதிப்படி 30 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 91 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். இவ்விதி தட்டையான முகமுள்ள டயர்களுக்கு உரியது. மோட்டார் சைக்கிள் டயரின் முகம் வளைந்து குறுகியிருப்பதால் அது நீரைக் கீறிச் செல்லும். மிதப்பு இன்னும் உயர்ந்த வேகத்தில்தான் நிகழும். ஆனால் நிகழ்ந்துவிட்டால் நான்கு சக்கர வண்டியைப் போலத் தாங்க வேறு சக்கரம் இல்லை.

ரப்பர் கலவை

மழை டயரைப் பற்றிய விளக்கங்களில் வரிப்பள்ளத்துக்குக் கிடைக்கும் இடம் கலவைக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் பள்ளங்கள் நீரை விலக்க மட்டுமே செய்கின்றன. நீர் விலகியபின் பிடிப்பது ரப்பரே.

எந்த ரப்பரும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடிபோல் விறைத்துவிடும். இது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை எனப்படுகிறது. இயற்கை ரப்பருக்கு இது ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 70 பாகை. அவ்வளவு குளிரிலும் விறைக்காத பொருள் மழைக்கு ஏற்றதாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். நிலைமை நேர்மாறானது. இயற்கை ரப்பர் மிகுந்த மீள்தன்மை உடையது. அழுத்திய உடனே மீண்டுவிடும். அதனால்தான் பந்து நன்றாகத் துள்ளுகிறது. ஆனால் ஈரத்தில் பிடிக்க, கற்பரலின் மீது அழுந்திய ரப்பர் தயங்கித் தயங்கி மீள வேண்டும். இயற்பியலில் இதனைத் தயக்கம் என்பர். தயக்கம் மிகுந்த ரப்பர் துள்ளாது, ஆனால் பிடிக்கும். ஆகவே பந்தய டயரின் முகப்பகுதி பெரும்பாலும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் எனும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகிறது. இழுத்தால் கிழியாமையும், நெளியும்போது குறைவாகச் சூடேறுதலும் இயற்கை ரப்பரின் சிறப்புகள் ஆதலால் அது டயரின் உட்கூட்டில் இடம்பெறுகிறது.

ரப்பருக்கு வலுவூட்ட நெடுங்காலமாகக் கார்பன் கரித்தூள் சேர்க்கப்பட்டு வந்தது. டயர் கருப்பாக இருப்பதும் இதனால்தான். 1990களின் தொடக்கம் முதல் சிலிக்கா பரவலாகச் சேர்க்கப்படுகிறது. சிலிக்கா கலந்த ரப்பர் தாழ்ந்த வெப்பநிலையிலும் மென்மையாக நின்று ஈரத்தில் கூடுதலாகப் பிடிக்கிறது. சிலிக்கா ரப்பருடன் எளிதில் ஒன்றாது. இரண்டையும் பிணைக்க சிலேன் எனும் வேதிப்பொருள் தேவைப்படுகிறது.

நாஞ்சில் நாட்டு ரப்பர்

தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கிலும் வடக்கிலும் உள்ள மலையடிவாரங்களில் விளைகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த பகுதி இது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறுவதால் ரப்பர் மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் இங்கு உள்ளது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984இல் நிறுவப்பட்ட அரசு ரப்பர் கழகம் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு ஆகிய இடங்களில் தோட்டங்களைக் கொண்டுள்ளது. அகத்தீசுவரம் வட்டத்திலுள்ள சுசீந்திரமும் அதன் சுற்றுப்புறமும் பழையாற்றுப் பாசனத்தால் நெல்லும் தென்னையும் விளையும் சமவெளி ஆகும். ரப்பர் தோட்டங்கள் அங்கிருந்து வடமேற்கே, மலையை நெருங்கும்போது தொடங்குகின்றன.

மழையில் ஓடும் டயருக்குப் பொருள் தரும் மரத்தில் மழை நாளில் பால் வெட்ட இயலாது. நீர் வழிந்தால் பால் சிரட்டையில் சேராமல் பட்டையில் பரவி வீணாகும். இதற்காக வெட்டுவாய்க்கு மேலே நெகிழித்தாளைப் பாவாடைபோல் சுற்றி ஒட்டுவர். சேகரித்த பால் அமிலத்தால் உறைய வைக்கப்பட்டு, உருளைகளில் அழுத்தித் தாளாக்கப்பட்டு, புகையில் உலர்த்தப்படுகிறது. வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்து எஞ்சுவது ஒட்டுப்பால் எனப்படும்; அதற்கு விலை குறைவு.

காற்றழுத்தமும் சூடேற்றலும்

வரியில்லா டயரின் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் தாழ்வாக வைத்தாலும் ஓடியபின் அது உயர்ந்துவிடும். 25 பாகையில் 24 பி.எஸ்.ஐ. அடைத்த டயர் 80 பாகையை எட்டினால், வளிம விதிப்படி அழுத்தம் ஏறத்தாழ 31 ஆகும். அதே டயர் மழையில் 45 பாகையை மட்டும் எட்டினால் 26 அல்லது 27இல் நின்றுவிடும். உலர்தளக் கணக்கை மழைக்கும் பயன்படுத்தும் புதிய அணிகள் செய்யும் பிழை இதுதான்: டயர் எதிர்பார்த்த அழுத்தத்தை அடையாமல் தளர்ந்து, பள்ளங்கள் மூடி, நீர் வெளியேறாமல் போகும். எனவே மழை டயருக்குத் தொடக்க அழுத்தம் இறுதியில் வேண்டிய அழுத்தத்துக்கு நெருக்கமாகவே வைக்கப்படுகிறது. சரியான எண் டயருக்கு டயர் மாறும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையையே பின்பற்ற வேண்டும்.

பந்தயத்துக்கு முன் டயர்களை மின்சூடேற்றி உறைகளால் போர்த்தி வைப்பது வழக்கம். உலர்தள டயர்கள் 80 பாகைக்கு மேல் சூடேற்றப்படும். மழை டயர்களுக்குக் குறைந்த வெப்பமே போதும். எவ்வளவு சூடேற்றினாலும் ஈரத்தளத்தில் முதல் சுற்றிலேயே அது வடிந்துவிடும். ஓட்டத்தால் நிலைநிறுத்த முடியாத வெப்பத்தை உறையால் ஏற்றுவது பொய்யான நம்பிக்கையைத் தரும்.

வண்டியின் பிற அமைப்புகளும் மாற்றப்படுகின்றன. ஈரத்தில் எடை முன்னும் பின்னும் மாறுவது குறைவதால் அதிர்வுதாங்கிகள் மென்மையாக்கப்படுகின்றன.

தேர்ந்தெடுத்தல்

மழை கொட்டும்போதும் தளம் முற்றிலும் உலர்ந்திருக்கும்போதும் தேர்வு எளிது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே சிக்கல். மோட்டோஜிபி உலகப் போட்டியில் 2016இல் இடைநிலை டயர்கள் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டே அவை கைவிடப்பட்டன. அப்போட்டியில் தளத்தின் நிலை மாறினால் ஓட்டுநர் உள்ளே வந்து, வேறு டயர் பூட்டிய தம் இரண்டாம் வண்டியில் ஏறிச் செல்லலாம். இம்முறை முதன்முதலில் 2006இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் நடைமுறைக்கு வந்தது.

2014இல் ஸ்பெயினின் அராகனில் பந்தயத்தின் பிற்பகுதியில் மழை வலுத்தது. ஹோர்கே லொரென்சோ உள்ளே வந்து மழை டயர் வண்டிக்கு மாறினார். வரியில்லா டயரிலேயே தொடர்ந்த மார்க் மார்க்கேசும் டானி பெட்ரோசாவும் விழுந்தனர், லொரென்சோ வென்றார். 2016இல் சாக்சன்ரிங்கில் ஈரமாகத் தொடங்கிய தளம் உலரத் தொடங்கியபோது, பின்தங்கியிருந்த மார்க்கேசு மற்றவர்களுக்கு முன்பே வரியில்லா டயருக்கு மாறினார். முன்னிலையில் இருந்தவர்கள் தாமதித்து, இடைநிலை டயருக்கு மாறினர். மார்க்கேசு வென்றார். 2021 ஆகத்து மாதம் ஆஸ்திரியாவில் இறுதிச் சுற்றுகளில் மழை வந்தது. முன்னணியினர் மழை டயருக்கு மாற உள்ளே செல்ல, பிராட் பைண்டர் வரியில்லா டயரிலேயே தங்கித் தடுமாறி முடித்து வென்றார்.

அராகனில் தோற்ற முடிவே ஆஸ்திரியாவில் வென்றது. வேறுபாடு எஞ்சியிருந்த சுற்றுகளின் எண்ணிக்கையில் உள்ளது. வண்டி மாற்றுவதற்கு ஆகும் நேரம், தவறான டயரில் சுற்று ஒன்றுக்கு இழக்கும் நேரம், எஞ்சிய சுற்றுகள் ஆகிய மூன்றையும் பெருக்கிக் கழித்தால் விடை கிடைக்கும். விழுவதற்கான வாய்ப்பு மட்டும் இக்கணக்கில் அடங்காது. அராகனையும் ஆஸ்திரியாவையும் ஒப்பிடுவோர் பைண்டரின் துணிவைப் புகழ்கையில் அவர் விழாமல் இருந்ததில் நற்பேறுக்கும் பங்குண்டு என்பதை மறத்தல் கூடாது.

ஒரே வண்டி வைத்து ஓட்டும் சிறு வகைப் பந்தயங்களில் இந்த வசதி இல்லை. புறப்படும்போது பூட்டிய டயரே இறுதிவரை.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுபாதையில் அது பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள தனித் தளத்தை அமைத்து 1990இல் திறந்தது. செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, வண்டி வடிவமைப்பாளரும் பந்தய வீரருமான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது, நீளம் 2.1 கி.மீ.

டயர்த் தொழிலிலும் தமிழ்நாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எஃப். நிறுவனமானது. இந்நிறுவனம் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கும் டயர் வழங்கி வந்துள்ளது. மதுரையில் 1982இல் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவப்பட்டது. உலகப் போட்டியின் 125 சி.சி. பிரிவில் ஓட்டிய முதல் இந்தியர் சென்னையைச் சேர்ந்த சரத்குமார், ஆண்டு 2011.

சென்னையின் மழைக்குத் தனி இயல்பு உண்டு. மாலை இடிமழை திடீரெனக் கொட்டி அரை மணியில் ஓய்ந்துவிடும். தளம் வெயிலில் சூடேறிக் கிடந்ததால் மழை நின்றதும் விரைவாக உலரும். குளிர்நாட்டு மழைக்கெனச் செய்யப்பட்ட மிக மென்மையான டயர் இத்தளத்தில் ஈரம் வற்றியதும் பிய்ந்துவிடும். இங்கு ஓட்டுநர்கள் தேங்கிய நீரைத் தேடிச் சென்று டயரைக் குளிர்விப்பதும் உண்டு. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத்தா தளத்தில் நடந்த இந்தியாவின் முதல் மோட்டோஜிபி நிகழ்விலும் சனிக்கிழமைக் குறும்பந்தயம் மழையால் தாமதமாகி, 11 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டது. ஹோர்கே மார்ட்டின் அதில் வென்றார்.

சாலைப் பயன்பாடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலையான பந்தயத் தளம் எதுவும் இல்லை. ஆனால் ஆண்டின் பாதிக்கு மேல் மழையை எதிர்பார்க்க வேண்டிய மாவட்டம் இது. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு இடையே இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கு, மேலே கூறியவற்றுள் தடைத் தொலைவு பற்றிய கணக்கு நேரடியாகப் பொருந்தும்.

பந்தயத்தில் பயன்படுத்திக் கழித்த டயர்களை மலிவாக வாங்கிச் சாலை வண்டியில் பூட்டும் வழக்கம் இளைஞர் சிலரிடம் உள்ளது. இது தவறு. வரியில்லா டயர் சாலை வேகத்தில் ஒருபோதும் தனக்குரிய வெப்பத்தை எட்டாது. மழையிலோ நீரை விலக்க அதற்கு வழியே இல்லை. மழைப் பந்தய டயர் உலர்ந்த சாலையில் சில நாட்களிலேயே தேய்ந்துவிடும். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் (விதி 94) இருசக்கர வண்டி டயரின் வரிப்பள்ளம் 0.8 மி.மீ. ஆழத்துக்குக் குறையக்கூடாது என்கின்றன. இது சட்டத்தின் கீழெல்லை மட்டுமே. மழை மிகுந்த பகுதிகளில் அந்த எல்லையைத் தொடும் முன்பே டயரை மாற்றுவது நல்லது.

பள்ளம் ஆழமாக இருந்தும் டயர் பழையதாக இருக்கலாம். ரப்பர் காற்றாலும் வெயிலாலும் ஆண்டுக்கு ஆண்டு இறுகும். இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.